தொப்பிக்குக் கீழே ஒரு முகம்

என் மூக்கின் மேல் ஒரு மச்சம் உண்டு. பள்ளிக்கூடச் சான்றிதழுக்காக எடுத்த போட்டோவில் அது இல்லை. படத்தை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோ வாசலிலேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூக்கு என்னுடையதுதான், மச்சத்தை மட்டும் காணோம். திரும்ப உள்ளே போய், யார் எடுத்தது என்று கேட்டேன். படத்தையா என்றார் கல்லாவில் இருந்தவர். மச்சத்தை என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்பக்கம் தொங்கிய கறுப்புத் திரையைக் கட்டைவிரலால் காட்டி, "அங்க எடுத்துடறது" என்றார். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், நானும் அந்தத் திரைக்குப் பின்னால் போக வேண்டும் என்று.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் அது. எனக்குப் பதினெட்டு வயது. ஊரை ஒட்டிய சாரத்தில் எங்கள் வீட்டில் என்னை டீச்சராக்குவதா நர்ஸாக்குவதா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் ஸ்டுடியோவில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் தன் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, வழுக்கையை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். சமாதானம் ஆகிவிட்டது.

இப்போது எனக்கு இருபத்தாறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கேட்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் முதலில் சிரித்தேன். ஆனால் கை சொல்கிறதே. படம் கழுவும் மருந்தில் இருக்கும் ஒரு உப்பு சிலருடைய தோலுக்கு ஆகாது. எனக்கு ஆகவில்லை. விரல் இடுக்குகளில் கொப்புளம், பிறகு வெடிப்பு, பிறகு பேனா பிடித்தாலே எரிச்சல். இனிமேல் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல்களையே மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள், நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்களேன் அக்கா என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அவர்களுக்கு இந்த வருஷம் முழுக்க அடையாளப் போட்டோதான். எந்தக் குடியுரிமை வேண்டும், பிரான்சா இந்தியாவா என்று காகிதம் எழுதிக் கொடுப்பதற்காக ஊரே ஸ்டுடியோ பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. நேராகப் பார்க்கும் முகம், இரண்டு காதும் தெரிய வேண்டும், அடுத்த ஆள். அதையே கழுவிக் கழுவி அவர்களுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. அதனால் நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு ஃபிலிம் சுருளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முசே கபிரியேல். கண்ணாடித் தட்டில் படம் பிடித்த காலத்து ஆள். இருட்டறைக்கு அவர் வைத்திருந்த பெயர் சாம்பர் நுவார், படத்தை வரவழைக்கும் மருந்துக்கு ரெவெலாத்தர். நாங்களும் அப்படியே சொன்னோம். யாரும் பார்க்க முடியாத அந்த அறைக்குள்ளும் சட்டையின் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். கதவை மூடித் தாழ் போட்டுவிட்டால் உள்ளே யாரும் பேசக் கூடாது. தும்மல் வந்தாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்ம வேண்டும் என்று சொல்லி நாங்கள் சிரிப்போம். பேசக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. உள்ளே அவர்தான் கடிகாரம்.

ஃபிலிம் எத்தனை நேரம் மருந்தில் இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். குறைந்தால் படம் சோகை பிடித்ததுபோல வெளுத்திருக்கும், கூடினால் கரியாகிவிடும். மற்ற ஸ்டுடியோக்களில் பச்சையாக மினுங்கும் முள் வைத்த கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அந்த மினுங்கலே ஃபிலிமுக்கு ஆகாது என்பது இவர் கட்சி. இவர் ஜெபம் சொல்வார். அருள் நிறைந்த மரியே, பிரெஞ்சில், முணுமுணுப்பாக, ஒரே சீராக. பத்து ஜெபம் முடிந்தால் முழங்காலால் மேஜைக் காலை ஒரு இடி. நான்காவது இடிக்கு ஃபிலிம் வெளியே வந்துவிட வேண்டும். அதையே தமிழில் சொல்லச் சொல்லி ஒருநாள் கேட்டேன். நீளம் மாறிவிடும், படம் கருகிவிடும் என்றார் மிகவும் கவலையோடு.

எனக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தை எடுத்து வந்து, கதவுக்கு வெளியே நின்று அவருடைய இடிகளைக் கணக்குப் பார்த்தேன். வெயில் நாளிலும் மழை நாளிலும் பசி வேளையிலும் ஒரே அளவு. தோற்றுப்போனேன். ஆனாலும் விடாமல், ஒரு கடிகாரம் வாங்கி வைத்தால் என்ன முசே என்று கேட்டேன்.

"கடிகாரம் நின்னுட்டா இருட்டுல உனக்குத் தெரியாது, மத்மொசேல்," என்றார். "நான் நின்னுட்டா எனக்குத் தெரியும்."

கோபம் வந்தால்தான் அவர் வாயில் மத்மொசேல் என்ற மரியாதை வரும். மற்ற நேரத்தில் நான் வெறும் செலின்.

முதல் இரண்டு வருஷம் தட்டு கழுவினேன், உப்பை எடை போட்டேன், தண்ணீர் வடிகட்டினேன், பென்சில் சீவி மற்றவர்களுடைய மச்சங்களை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே. வெளிச்சமே இல்லாத அறையில் ஃபிலிமின் எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று கண்டுபிடிக்க, ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் அது மருந்துப் பக்கம். இதைச் சொன்னபோது என் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

இனி சுருள்.

சித்திரை வெயில் காலம். முற்பகல். முத்தியால்பேட்டையிலிருந்து விக்தோரின் என்ற பெண் வந்தாள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அவள் கையில் நாலு வயது மகள் லூசி. வெள்ளைச் சேலை. அவளுடைய புருஷன் சவரிநாதன் ஆப்பிரிக்காவில் ஜிபுத்தித் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்தவர், காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் கல்யாணப் படத்தை எடுத்ததும் எங்கள் முதலாளிதான், கப்பலேறும் முன் சவரிநாதனுக்குக் கேமரா விற்றதும் அவர்தான். அந்தக் கேமராவைத்தான் துண்டில் சுற்றி மேஜையில் வைத்தாள்.

உள்ளே ஒரு சுருள் மாட்டிக்கொண்டிருக்கிறது, திருகினால் திரும்பவில்லை என்றாள். அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன் குடும்பத்தோடு கென்யாவுக்குப் போய் மிருகங்கள் பார்த்தார்களாம், அந்த விடுமுறையின் கடைசி நாள் அதில் இருக்கிறது. மற்ற சுருள்களை எல்லாம் அங்கேயே கழுவியாகிவிட்டது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கத்தின் முதுகு. ஒன்றிலும் சவரிநாதன் இல்லை. படம் எடுப்பது அவர் என்றால் படத்தில் எப்படி இருப்பார்?

அந்தக் கடைசி நாளைப் பற்றி அவள் சொன்னதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே போன நாள் முதல் அவர்கள் யானை பார்க்கவில்லை. யானை பார்க்காமல் ஊர் திரும்பினால் புதுச்சேரியில் முகத்தைக் காட்ட முடியாது என்று சவரிநாதன் சொல்லிக்கொண்டே இருந்தார். நம்ம ஊர்க் கோயிலிலேயே யானை இருக்கிறது என்று இவள் கேலி செய்தாள். கடைசி நாள் பொழுது சாயும் நேரம், காட்டின் கேட் மூடுவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று டிரைவர் வண்டியை விரட்டிக்கொண்டிருக்கிறான். அப்போது பாதைக்கு அப்பால் யானைக் கூட்டம். வண்டியை நிறுத்தச் சொல்லி இவர் படமாக எடுத்துத் தள்ளினார். அதோடு விட்டாரா? கேமராவை டிரைவர் கையில் திணித்துவிட்டு, லூசியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அந்தக் காட்டில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. புல் இடுப்பு உயரம். உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இவள் கத்தியிருக்கிறாள். டிரைவரும் கத்தியிருக்கிறான். அவர் சிரித்தாரோ முறைத்தாரோ, யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

இதுவரை அக்கா நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். லூசி அப்போது பின்திரையில் வரைந்திருந்த மாடிப்படியில் ஏற முயன்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பிடி ஒரு கோவம், செலினு. மூஞ்ச அந்தப் பக்கமா திருப்பிக்கினேன். படம் எடுக்கற வரைக்கும் திரும்பியே பாக்கல. ரூமுக்கு வந்தும் பேசல. கப்பல்லயும் சரியா பேசல. அப்புறம் காய்ச்சல் வந்துடுச்சு. அந்த நேரத்துல அவரு என்னைப் பாத்து சிரிச்சாரா, இல்ல எரிச்சலா நின்னாரான்னு எனக்குத் தெரியாது. அது இதுக்குள்ள இருக்குது."

முசே கபிரியேல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது இதைத் திறந்தார்களா என்று கேட்டார்.

கொழுந்தன் ஒருமுறை திறந்தார் என்றாள். உள்ளே ஃபிலிம் தெரிந்ததும் உடனே மூடிவிட்டார், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறைதான்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முதலாளியின் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேமராவில் எடுத்த படம் எல்லாம் ஒரு உருளையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே வரும். முதல் படம் அடியில், கடைசிப் படம் எல்லாவற்றுக்கும் மேலே. திருப்பிச் சுற்றாமல் மூடியைத் திறந்தால் வெளிச்சம் முதலில் தின்பது கடைசிப் படத்தைத்தான். அவள் கேட்பதோ அந்த ஒன்றைத்தான்.

முசே இதை அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தும்விட்டாள்.

அந்த வெயிலில் எங்கள் குழாய்த் தண்ணீர் கஞ்சி போலச் சுட்டது. சூடான மருந்தில் ஃபிலிமின் மேல்பூச்சு ஊறி, வெந்த சோற்றுக் கஞ்சியின் ஆடைபோல நழுவிவிடும். அதிலும் இது ஒரு வருஷமாக உப்புக் காற்றில் வியர்த்த சுருள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விற்கிறவர்களிடம் ஐஸ் கட்டி கேட்டேன், மரத்தூளோடு சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்குள் பாவாடையெல்லாம் ஈரம், மீன் நாற்றம். ஐஸை மருந்தில் போடக் கூடாது. பெரிய தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, அதற்குள் மருந்துத் தட்டுகளை உட்காரவைத்தோம். மேல்பூச்சை முதலிலேயே இறுக்கிவைக்க ஒரு தட்டில் குரோம் படிகாரம். அடுத்தது ரெவெலாத்தர். அடுத்தது வெறும் தண்ணீர். கடைசியில் படத்தை நிலைநிறுத்தும் மருந்து. எந்தத் தட்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். முசே கபிரியேல் கழுத்துப் பித்தானை அவிழ்த்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்ததில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கதவு மூடியது. தாழ். இருட்டு.

கேமராவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஃபிலிமைப் பிரிக்கும் சத்தம். சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருந்தது, பிளாஸ்திரியைத் தோலிலிருந்து பிய்க்கிற மாதிரி மெல்ல மெல்ல வந்தது. ஒவ்வொரு பிரிதலுக்கும் ஒரு படம் உரிந்துபோகிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிரித்து முடித்ததும் ஒரு முனை என் கைக்கு வந்தது. எங்களிடம் அந்தச் சின்ன ஃபிலிமுக்கான தொட்டி கிடையாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தாழ்த்தும்போது மற்றவர் உயர்த்தி, ஃபிலிம் முழுவதும் மருந்துக்குள் போய்ப் போய் வரும்படி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று அளவு மாறாமல் ஆட்டினோம். படிகாரம் முடிந்தது. ரெவெலாத்தரில் இறங்கியதும் ஜெபம் ஆரம்பித்தது.

முதல் இடி கேட்டபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இரண்டாவது பத்தில் சந்தேகமே இல்லை. அவர் வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக ஒரே சீராக ஓடிய ஜெபம், அன்று சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. ஊர்க்காரர்களின் அடையாளப் போட்டோவுக்கு அவர் சொன்னது எண்ணிக்கை. அன்று அவர் நிஜமாகவே ஜெபித்துக்கொண்டிருந்தார், அதுவும் பயத்தோடு. இந்த வேகத்தில் நான்காவது இடி வந்தால் ஃபிலிம் அரைவேக்காடாக வெளியே வரும்.

பேசக் கூடாது. பேசாமலும் இருக்கக் கூடாது. மூன்றாவது இடியும் விழுந்து, நான்காவது பத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"முசே, வேகமா சொல்றீங்க."

ஜெபம் நின்றது. ஃபிலிமை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். ஐஸ் தண்ணீர் தொட்டியின் விளிம்பில் மோதும் சத்தம். கதவுக்கு வெளியே லூசி எதற்கோ அழுதது, அவள் அம்மா அதட்டியது.

"எத்தனாவதுல இருந்தேன்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் வேகத்தைத்தான் கவனித்தேன், எண்ணிக்கையை அல்ல. அவருக்கும் தெரியவில்லை. அந்த இருட்டில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, நேரம் என்ன என்று தெரியாமல் நின்றோம். எனக்குள் பதற்றம் ஏற ஏற எல்லாமே நீளமாகத் தோன்றியது. கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அல்லது ரொம்ப நேரம்.

எடுத்துவிடலாம் என்றார். இன்னும் வேண்டும் என்றேன். மேல்பூச்சு விரலுக்கு வழவழப்பாக வருகிறது, நழுவ ஆரம்பித்தால் எல்லாமே போய்விடும் என்றார். பொழுது சாய்ந்த பிறகு எடுத்த படம் முசே, வெளிச்சம் குறைச்சல், இன்னும் கொஞ்சம் என்றேன். அவர் மறுபடி ஜெபத்தை ஆரம்பித்தார், இந்த முறை மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. சில ஜெபம்தான் சொல்லியிருப்பார், ஃபிலிம் என் கையிலிருந்து இழுபட்டது. எடுத்துவிட்டார். அவர் முதலாளி, நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு எது சரி என்று அவருக்கும் எனக்கும் உள்ள வாதம் இன்றுவரை தீரவில்லை.

தண்ணீரும் கடைசி மருந்தும் முடிந்த பிறகு விளக்கைப் போட்டோம். ஈர ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

வெளிமுனை முழுக் கறுப்பு. கொழுந்தன் திறந்தபோது வெளிச்சம் தின்ற பகுதி. அதற்கு அடுத்து நான் எதிர்பார்த்தது ஒன்றுமில்லாமை. ஆனால் அங்கே படங்கள் இருந்தன. ஒரு ஜன்னல் கம்பி, கோணலாக. யாருடையதோ சேலைக் கரையும் பாதமும். ஒன்றும் தெரியாத ஒரு மங்கல், அது மோவாயாக இருக்கலாம். எனக்கு ஒரு நிமிஷம் ஆனது புரிய. முத்தியால்பேட்டை வீட்டில் லூசி அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறாள். திருகி அழுத்தி, திருகி அழுத்தி. அதற்கு அப்புறம்தான் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் எடுத்த படங்கள் ஆப்பிரிக்காவின் மேல் ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டு, வெளிச்சத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டுவிட்டன.

அதற்கும் அடுத்தது அந்தப் படம்.

டிரைவர் கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். முக்கால்வாசி வானம். தூரத்தில் மிளகு தூவியதுபோல யானைகள். கீழ் ஓரத்தில் ஒரு ஆள், மார்புவரை. தோளில் குழந்தை, குழந்தையின் இரண்டு கையும் அவர் தொப்பியைப் பிடித்திருக்கின்றன. ஃபிலிமில் எல்லாமே ஊதினால் பறந்துவிடும் போல அத்தனை மெல்லிசு. ஓரத்தில் மேல்பூச்சு சுருங்கித் தூக்கியிருந்தது.

காய்ந்த பிறகு கையில் இருந்ததிலேயே கடினமான காகிதத்தில் அடித்தேன், பத்திரங்களைப் படமெடுக்க வைத்திருந்த காகிதம். அதற்கு மேல் கறுப்பு வெள்ளையைப் பிரித்துக் காட்டும் காகிதம் எங்களிடம் இல்லை. தொப்பி வந்தது. குழந்தையின் விரல் வந்தது. தொப்பியின் நிழலுக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்.

விக்தோரின் அக்கா அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தாள். கிட்டே, தூரத்தில், மறுபடி கிட்டே.

"அவரு தொப்பிதான்," என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "சிரிக்கிறாரா?" என்று கேட்டாள்.

 முசே கபிரியேல் உடனே, ஆமாம், சிரிக்கிறார் என்றார்.

"நீங்க மூக்குக் கண்ணாடியே போடல, முசே," என்றாள் அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னாள். படத்தையும் ஃபிலிமையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மெல்லிசான ஃபிலிமைக் கனமாக்க ஒரு வழி இருக்கிறது. பாதரச உப்புக் கரைசலில் போட்டால் படம் வெளுத்துவிடும், வேறொரு மருந்தில் மாற்றிப் போட்டால் முன்னைவிடக் கறுத்து எழுந்து வரும். நிழலுக்குள் இருப்பது கொஞ்சம் தெரியும். அக்கா ஃபிலிமை வாங்கிக்கொள்ளும் முன்பே, இதைச் செய்து பார்ப்போம் என்று முசேயிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தூக்கியிருக்கும் மேல்பூச்சு இன்னும் இரண்டு குளியலைத் தாங்காது, பாதிக்கு மேல் கழன்று மிதந்துவிடும் என்றார். இருக்கிற தொப்பியாவது இருக்கட்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல். அடுத்த வாரம் ஒரு கடிகாரம் வாங்கி இருட்டறையில் மாட்டினார். முள் மினுங்கும் கடிகாரம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெபம் சொன்னார்.

பிறகு என் கை கெட்டது. இந்த வருஷம் வேலையை விட்டேன். வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த படங்களில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் விக்தோரின் அக்கா சாரத்துக்கே வந்தாள். அவளும் பிரான்ஸ் வேண்டும் என்று காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், தம்பி பிரான்சில் இருக்கிறான், வருஷ முடிவுக்குள் கப்பல். ஆனால் வந்தது அதைச் சொல்ல அல்ல. அந்தப் படத்தை வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகும் லூசி ஒருநாள் அதன் முன்னால் நின்றுகொண்டு, அப்பா யாரைத் திட்டறாரு என்று கேட்டிருக்கிறாள்.

"அதுல திட்டறதும் தெரியல, ஒண்ணும் தெரியல," என்றாள் அக்கா. "ஆனா அவ அப்பிடித்தான் பாத்திருக்கா. நான் ஒரு வார்த்த சொன்னதில்ல அவகிட்ட. எப்பிடி தெரிஞ்சிச்சு? இல்ல, நெஜமாவே அப்பிடித்தான் நின்னாரா?"

பாதரசக் குளியலைப் பற்றி அவளிடம் சொன்னேன். கழன்றுபோவதைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வழியும் எனக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது, பிரான்சில் தெரிந்தவர்கள் இருக்கலாம் என்றேன். முன்பின் தெரியாத கையில் அதைக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

"கரைஞ்சு போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"தொப்பியும் சேந்து போயிடும், அக்கா."

 பிறகு, "தொப்பியோட எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரே ஒருமுறை என்றால் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார், அவருடைய கையுறையிலேயே ஒரு ஜோடி கொடுத்தார். அப்பா, இதற்குத்தான் ஓய்வு பெற்றாயா என்றார். முசே கபிரியேல் முதலில் மத்மொசேல் என்று ஆரம்பித்தார். முழுக்கச் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, உப்பை நீ தொடாதே, கரைசலை நான் கலக்கிறேன் என்றார்.

அதே சுருளில், அதே சாயங்காலத்தில் எடுத்த யானைப் படங்களில் இரண்டை முந்தாநாள் வெட்டிச் சோதிக்கத் தொடங்கினோம். முதல் யானையின் மேல்பூச்சு இரண்டாவது குளியலில் ஓரமாகக் கிளம்பி, காதோடு தண்ணீரில் மிதந்து போயிற்று. இரண்டாவதை முதலிலேயே படிகாரத்தில் நீண்ட நேரம் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு இறக்கினோம். அது நின்றது. முன்பு நிழலாகக் கிடந்த வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டியின் கால்கள் வந்திருந்தன. ஒன்று போய் ஒன்று நின்றிருக்கிறது. இதை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அந்தப் படம் படிகாரத்தில் ஊறி, இப்போது ஸ்டுடியோ அலமாரிக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன், முன் அறையில் செய்யப்போகிறோம். இந்த வேலைக்கு இருட்டு வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்தே செய்யலாம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அக்கா. முதல் தட்டில் போட்டதும் தொப்பி, குழந்தை, யானை எல்லாமே வெளுத்து மறைந்துவிடும், போயிற்று என்றுதான் தோன்றும். அப்போது எழுந்து போய்விடாதே, அதற்கப்புறம்தான் இரண்டாவது தட்டு என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தலையை ஆட்டினாள். பிறகு, எது முதலில் வரும், கண்ணா வாயா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். நிழலுக்குள் எது கொஞ்சம் வெளிச்சத்தில் இருந்ததோ அதுதான் முதலில் வரும்.